நோவாக் போடாத கையெழுத்து

வெர்னன் டில்மன் யாரையும் நம்பாதவன். அதற்காகவே அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், எரிந்த கிடங்கு தானாக எரிந்ததா, அல்லது உரிமையாளர் கொஞ்சம் உதவி செய்தாரா என்று மோப்பம் பிடித்துச் சொல்கிற உத்தியோகம். பொய்க் கையெழுத்தைக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு ஒரு தனி ருசி. என் தங்கை ஃபெர்னுக்கு வாங்கிய மோதிரக் கல்லை மூன்று கடைகளில் சோதித்த பிறகுதான் அவள் முன்னால் மண்டியிட்டான். அவள் அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். அவன் இன்றுவரை அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறான்.

அப்படிப்பட்டவன் பதினொரு வயதில் பார்த்த ஒன்றை மட்டும் ஐம்பது வருடம் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினான்.

செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமை. நான் காரை ஓட்டினேன். அவன் மடியில் ஒரு காபிப்பொடி டப்பா. டப்பாவுக்குள் துவைத்த வெள்ளைக் காலுறை. காலுறைக்குள் ஒரு பேஸ்பால்.

"மெதுவாப் போ, ப்ரொஃபசர்."

"இதுக்கு மேல மெதுவாப் போனா நிக்கணும். பின்னாடி ஒரு டிராக்டர்காரன் ஹாரன் அடிக்கிறான்."

"அடிக்கட்டும். அவன் மடியில என்ன இருக்கு?"

நான் பேராசிரியன் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வெர்னுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டாலும் ஒரு பயனும் இல்லை.

பந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓஹையோ ஆற்றங்கரையில் எங்கள் ஊர் பெல்மர் லேண்டிங். அந்தக் காலத்தில் எங்களுக்கென்று ஒரு பேஸ்பால் அணி இருந்தது, பெயர் பைலட்ஸ். பெரிய லீக்குகளின் அடிமட்டத்துக்கும் அடிமட்டம். ஆனாலும் சம்பளம் வாங்கி ஆடிய தொழில்முறை அணி. அது ஒரே ஒரு முறை லீக் கோப்பையை வென்றது, 1958ல். அந்த வருடம் ஆடியவர்கள் பதினெட்டுப் பேர். வெர்னின் பந்தில் பதினேழு பேருடைய கையெழுத்து இருந்தது. ஊர், ஆள், அணி எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். தேடுகிறவர்களுக்கு வீண் அலைச்சல் வேண்டாம்.

அவனுக்கு ஒரே விதி. கை எழுதுவதைக் கண்ணால் பார்த்தால்தான் அது கையெழுத்து. தபாலில் அனுப்பி வாங்குகிறவர்களைப் பார்த்தால், பின்கதவு வழியாக டிப்ளமா வாங்கியவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களைத் தேடி மாநிலம் மாநிலமாகக் கார் ஓட்டியிருக்கிறான். ஒருவரை ஆக்லஹோமாவில் பெட்ரோல் பங்க்கில் பிடித்தான். ஒருவரைச் சலூன் நாற்காலியில், முகத்தில் பாதி சோப்பு நுரையோடு. எப்போதும் நீல பால்பாயின்ட் பேனாதான். மார்க்கர் பேனாவை நீட்டினால் பாம்பைக் கண்டவன்போல் பின்வாங்குவான். அந்த மை பந்தின் தோலில் ஊறிப் படர்ந்துவிடும்.

முதல் கையெழுத்துதான் பந்தின் ராஜா. டல்லஸ் ப்ரூயிட். கோப்பையின் கடைசி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு அடிகூடக் கொடுக்காத பிட்சர், அதாவது பந்தை எறிபவர்; காற்றில் வளைந்து இறங்கும் வளைபந்துக்குப் பேர்போனவர். மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கக் குடியிருப்பிலிருந்து வந்தவர். அடுத்த வருடமே தோள்பட்டை போயிற்று; 1971ல் சாலை விபத்தில் ஆளும் போய்விட்டார். எங்கள் ஊரில் பாலத்துக்கு அவர் பெயர்.

அந்தக் கதையை வெர்ன் காரிலும் ஆரம்பித்தான். நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டான் என்பதால் சாலையைப் பார்த்தேன்.

"ஆட்டம் முடிஞ்சு டீம் பஸ் கேட்டுல நின்னுச்சு. கீழ நாங்க அம்பது பொடிசுங்க. 'டல்லஸ், டல்லஸ்'னு கத்தறோம். ஜன்னல்லேர்ந்து அவர் குரல், 'தள்ளாதீங்கடா, எல்லாருக்கும் உண்டு'ன்னு. ஒரு கை வெளிய வந்துச்சு. என் பந்தை வாங்கி, ஜன்னல் விளிம்புல வெச்சு, என் கண்ணு முன்னாடி போட்டுச்சு. நடுவிரல் கணுவோட வெளிப்பக்கமா கோணிக்கிட்டு..."

"அந்தக் கோணல் விரல்லதான் வளைபந்தோட ரகசியம்."

"கிண்டல் பண்ணு. அந்த மாதிரி விரல் இல்லாம பந்து அப்படி வளையாது."

ஊரில் எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறோம். எல்லோரும் தலையாட்டியிருக்கிறோம்.

பதினெட்டாவது ஆள், கேட்சர் காசிமிர் நோவாக், நெருங்கியவர்களுக்குக் கேசி. டல்லஸின் பந்துகளைப் பிடித்தவர். பக்கத்து மாவட்டத்திலேயே இருந்தார், எளிதில் போய்ப் பார்க்கலாம். அதுதான் வெர்னை வதைத்தது. நோவாக் யாருக்கும் கையெழுத்துப் போடமாட்டார். வெர்னுக்கு மட்டுமல்ல, ஒருவருக்கும். சின்னப் பையன் நீட்டினால் தலையைத் தடவிக்கொடுத்து அனுப்பிவிடுவார். வெர்ன் ஒன்பது வருடம் அலைந்தான். முதல் தடவை கதவைச் சாத்தினார். கடைசித் தடவை தோட்டக் குழாயைத் திருப்பிவிட்டார்; வெர்ன் கோட்டு போட்டிருந்தான். காலைச் சிற்றுண்டிக் கடையில் நோவாக்கைத் திட்டுவது அவனுக்குக் காபிக்குச் சர்க்கரை போடுவது மாதிரி.

இந்த முறை அவசரம். கோப்பையின் ஐம்பதாம் வருடம். சனிக்கிழமை ஊர் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டி திறக்கப்போகிறார்கள். நடுவில் வெர்னின் பந்து. ஏற்பாடு முழுக்க நூலகர் ராபர்ட்டா, டல்லஸின் மகள். பந்துக்குப் பக்கத்தில் அவளுடைய ஒரே சொத்தும் இருக்கும்: அப்பாவின் புகைப்படம், 'என் செல்ல ராபர்ட்டாவுக்கு, அப்பா' என்று மையால் எழுதியது. அவள் பிறந்த அதே கோடையில் எழுதியது.

பந்திலேயே கையெழுத்து கிடைக்காவிட்டால் வெட்டி வைக்கிற வழி ஒன்று சேகரிப்பாளர்களுக்கு உண்டு. பழைய செக்கிலிருந்தோ வாழ்த்து அட்டையிலிருந்தோ கையெழுத்தை மட்டும் கத்தரித்துப் பந்தின் பக்கத்தில் வைப்பார்கள். முந்தின ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லாமல் தன் விதியைத் தானே மீறி, வெர்ன் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தான்: நோவாக் கையால் எழுதியது எதுவானாலும் கொடுங்கள், நூலகத்தில் வைக்கப்படும். மூன்றாம் நாள் நோவாக்கே போன் செய்தார். "பந்தை எடுத்துக்கிட்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டார். வெர்ன் என் வீட்டுக்கு ஓடிவந்து, "ஜெயிச்சுட்டேன்" என்றான்.

முதியோர் இல்லத்தில் நோவாக்கின் அறை சோள வயலைப் பார்த்திருந்தது. மனிதர் நாற்காலியில் சாய்ந்திருந்தார், மூக்கில் குழாய், கழுத்துவரை கம்பளி. திங்கட்கிழமை கொலம்பஸில் இதய ஆபரேஷன். முன்னால் தட்டில் பீச் பழ கேக் ஒரு துண்டு, காபி.

"இது யாரு?"

"என் பொண்டாட்டியோட அண்ணன், மிஸ்டர் நோவாக். வண்டி ஓட்டக் கூட்டிட்டு வந்தேன்."

"வாய் மூடிக்கிட்டு இருப்பாரா?"

"லத்தீன் வாத்தியார். அவர் பேசினாலும் யாருக்கும் புரியாது."

நோவாக் சிரிக்கவில்லை. "விளம்பரத்துக்கு எவனாவது வந்தானா?"

"லுட்கேன்னு ஒரு அம்மா போன் பண்ணாங்க. நீங்க முன்னாடி அவங்க வீட்டுல வாடகைக்கு இருந்தீங்களாமே. நீங்க குடுத்த செக் ஒண்ணு எங்கயோ கிடக்குதாம், தேடிட்டுச் சொல்றேன்னாங்க."

கிழவரின் மூச்சு ஒரு நொடி நின்று மறுபடி வந்தது. குழாயில் அந்த இடைவெளி கேட்டது.

"பந்தைக் காட்டு."

வெர்ன் காலுறையை மெல்ல உரித்தான். டல்லஸின் பெயரும், அதற்குக் கீழே ஐம்பது வருடமாகக் காலியாக விட்டிருந்த இடமும் மேலே தெரியும்படி திருப்பிக் கொடுத்தான். அதை வாங்குவதற்காக நோவாக் கம்பளிக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார்.

வெர்ன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், பேனாவைப் பற்றி. வார்த்தை பாதியில் நின்றது. அவன் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். நடுவிரல். கணுவோடு வெளிப்பக்கம் திரும்பி, மற்ற விரல்களோடு கோபித்துக்கொண்டு தனியே போகிறதுபோல்.

பேஸ்பால் பார்க்கிற எவனுக்கும் தெரியும். மட்டையில் உரசித் தெறிக்கிற பந்து உடைப்பது கேட்சரின் விரலைத்தான். பாதிக் கேட்சர்களுக்கு இப்படி ஒரு விரல் இருக்கும். ஆனால் வெர்னின் கதையைக் கேட்ட எங்கள் ஊரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. வளைபந்துக்கு ஒரு ரகசியம் வேண்டியிருந்தது. விரல் பொருத்தமாக இருந்தது.

"நல்லாத்தான் வெச்சிருக்க," என்றார் நோவாக். டல்லஸின் பெயரைக் கட்டைவிரலால் தொடாமல் தொட்டார். "மை கொஞ்சம்தான் மங்கியிருக்கு."

"நான் பாத்தேன்," என்றான் வெர்ன்.

"என்னத்தப் பாத்த?"

"கைய."

"முகத்த?"

வெர்ன் அந்த விரலையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"குரல் அவனோடது. கை என்னோடது." நோவாக் பந்தை மடியில் வைத்தார். "அவனுக்குப் பேரு எழுத வராது. எந்த எழுத்தும் வராது. பத்து வயசுல சுரங்கத்துக்குள்ள போனவன். நான் கால் நடுவுல விரல நீட்டிச் சைகை காட்டுவேன்ல, இந்தப் பந்து போடு, அந்தப் பந்து போடுன்னு? அத ஒண்ணுதான் அவன் வாழ்க்கையில தப்பில்லாமப் படிச்சான். யாராச்சும் பேனா நீட்டினா, 'பிட்சர் விரலுக்கு வேற வேலை குடுக்கக் கூடாது'ன்னு கதை விடுவேன். பஸ்ல அவன் உள்பக்கம், நான் ஜன்னல் பக்கம்."

"நீங்க பொய் சொல்றீங்க."

"பேனாவைக் குடு."

நோவாக் தட்டிலிருந்த காகிதத் துடைப்பானை எடுத்துத் தன் பெயரை எழுதினார். மெதுவாக, மூச்சு வாங்கி. அதைப் பந்தின் பக்கத்தில் வைத்தார்.

ஆயிரம் கையெழுத்துகளை ஆராய்ந்தவனுக்கு ஒரு பார்வை போதும். ஆராயாத எனக்கே போதுமாக இருந்தது. அதே பின்சாய்வு. பெயரின் அடியில் கொக்கிபோல் திரும்புகிற அதே வால்.

"இப்பப் புரியுதா, குழாயை ஏன் திருப்பினேன்னு? என் கையெழுத்து எங்கயாச்சும் இருந்தா ஒருத்தன் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்பான். உன்ன மாதிரி ஒருத்தன். யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்தேன். அவன் பொண்டாட்டிக்கே தெரியாது. ராபர்ட்டா போட்டோவுல எழுதினது யாருன்னு நினைக்கிற? அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதிட்டு அவன் அழுதான்."

துடைப்பானை எடுத்துக் காபியில் முக்கினார். காகிதம் ஊறிப் பழுப்பாகி, அவர் விரலால் நசுக்கியதும் எழுத்தோடு கூழாகிப் போயிற்று. வெர்னின் கை தானாக முன்னால் வந்து பாதியில் நின்றதைப் பார்த்தேன். உலகத்திலேயே ஒரே ஒரு நோவாக் கையெழுத்து, அவன் கண் முன்னால் எழுதியது.

"உனக்கு வேணும்னா இப்பப் போடறேன்," என்றார் கிழவர். பேனா முனை காலியிடத்துக்கு மேலே ஒரு மயிரிழை தூரத்தில் நின்றது. "டல்லசுக்குக் கீழயே போடறேன். ஒன்பது வருஷம் அலைஞ்சிருக்க. சனிக்கிழமை கண்ணாடிக்குள்ள ரெண்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு இருக்கும். அப்புறம் ஊரு பாத்துக்கும். சொல்லு."

கிழவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் பேனா முனை இன்னும் கொஞ்சம் இறங்கியது. அது தானாகவே தோலைத் தொட்டுவிடும் என்று பயந்தேன். வெர்ன் குனிந்து, பேனாவை அல்ல, பந்தை அவர் மடியிலிருந்து எடுத்தான். காலுறைக்குள் போட்டான். டப்பாவை மூடினான்.

"யோசிக்கணும்."

"யோசி. திங்கட்கிழமை வரைக்கும் நான் இருப்பேன். அதுக்கப்புறம் டாக்டரைக் கேளு."

திரும்பும் வழியெல்லாம் வெர்ன் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். மெதுவாகப் போ என்றுகூடச் சொல்லவில்லை. ஊர் எல்லையில், டல்லஸ் ப்ரூயிட் பாலத்தின் பெயர்ப் பலகையைக் கடக்கும்போதுதான் வாய் திறந்தான்.

"பொய்ப் பந்து, ப்ரொஃபசர். பொய்ப் பந்தை உண்மைன்னு சொல்லிக் கண்ணாடிக்குள்ள வெக்கிறதா? இந்த வேலைக்கு எத்தனை பேர ஜெயிலுக்கு அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

"அப்ப சொல்லிடு."

"யாருகிட்ட? ராபர்ட்டாகிட்டயா?"

"சொல்லாதே, அப்ப."

"நீ ஒரு உபயோகமான மனுஷன்யா," என்றான். வெள்ளிக்கிழமை முழுக்க அவன் கராஜை விட்டு வெளியே வரவில்லை என்று ஃபெர்ன் சொன்னாள்.

சனிக்கிழமை நூலகத்தில் நல்ல கூட்டம். எலுமிச்சைச் சாறும் ஓட்ஸ் பிஸ்கட்டும். வெர்ன் பந்தோடு வந்தான். முகம் காயாத சிமென்ட் மாதிரி இருந்தது. ராபர்ட்டா நீல உடையில், மூக்கு நுனியில் கண்ணாடியோடு, பந்தைத் தன் அப்பாவின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கையெழுத்தும் அச்சாக ஒன்று போலவே இருந்தன. இருக்காதா பின்னே.

"பாருங்க, வெர்னன்," என்றாள் அவள். "அப்பா கை."

வெர்ன் வாயைத் திறந்தான். சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் கதவருகில் ஒரு கைத்தடிச் சத்தம்.

"டில்மன் யாரு? விளம்பரம் குடுத்த ஆளு?"

லுட்கே அம்மாள். எண்பது வயதுக்கு மேல், தொப்பியோடு, பத்திரிகைக்காரரையும் கையோடு அழைத்துக்கொண்டு. போனில் கேட்டபோது பிடிகொடுக்காதவர், எல்லோர் முன்னாலும் கொடுக்கத் தீர்மானித்துவிட்டார். கைப்பையிலிருந்து ஒரு பழைய செக்கை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"காசிமிர் நோவாக்! அறுபத்துமூணுல வாடகைக்குக் குடுத்தான். பாங்கு திருப்பி அனுப்பிடுச்சு. அவன் ரொக்கமாக் கட்டினப்புறமும் இது என் டிராயர்லயே கிடந்துச்சு."

கூட்டம் கைதட்டியது. பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினார். ராபர்ட்டா முகம் மலர்ந்து, "கேசி மாமா கையெழுத்தா! குடுங்க, இங்கயே வெக்கலாம். அப்பா பக்கத்துலயே," என்று கண்ணாடிக் கதவை மறுபடி திறந்தாள்.

பெட்டிக்கும் செக்குக்கும் நடுவில் நான்கடி தூரம். அதில் வெர்ன் நின்றான்.

"ஒரு நிமிஷம்," என்றான். "நான் பாக்கறேன்."

சட்டைப் பையிலிருந்து தன் பூதக்கண்ணாடியை எடுத்தான். செக்கை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றான். பதினெட்டாவது கையெழுத்து. கத்தரிக்கோல் பட்டால் போதும், ஐம்பது வருட வேலை முடிந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அவன் காது மட்டும்தான் தெரிந்தது, சிவந்துகொண்டே வந்தது. அவன் எவ்வளவு நேரம் பார்த்தான் என்றால், ஒருவர் இருமினார், இன்னொருவர் பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றார்.

திரும்பினான்.

"போலி."

"என்னது?" என்றார் லுட்கே அம்மாள்.

"இது நோவாக் கையெழுத்து இல்லம்மா. இழுப்புல தெரியுது. யாரோ பாத்து வரைஞ்சிருக்காங்க."

"என் சமையலறை மேஜைல உக்காந்து எழுதினான்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"கண்ணால பாத்ததையெல்லாம் நம்பக் கூடாதும்மா," என்றான் வெர்ன். "நான் தொழில்ல இருந்தவன்."

அவருக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கைத்தடி அவன்மேல் விழாதது ஆச்சரியம். "அப்ப இது எனக்கு எதுக்கு? உன் மூஞ்சிக்கும் வேண்டாம்!" என்று செக்கைக் கசக்கிக் காகிதத் தட்டுகள் கிடந்த குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு, பத்திரிகைக்காரரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பத்திரிகையில் அந்த விழாவைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை.

ராபர்ட்டா மெதுவாகக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். "பரவால்ல, வெர்னன். கேசி மாமா ஒரு மாதிரிதான். நீங்க அவரைத் திட்டாதீங்க."

"திட்டாம? அந்தக் கல்நெஞ்சுக்காரனையா?" என்றான் வெர்ன் உரக்க, கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி. "சாகிற நேரத்துலயும் ஒரு கையெழுத்து போடத் துப்பில்லாத கிழட்டுப் பய!"

கிழவர் சாகவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்து இன்னும் இரண்டு வருடம் இருந்தார். வெர்ன் ஞாயிறு தவறாமல் அவரைப் பார்க்கப் போனான். இன்னும் கையெழுத்துக்கு நச்சரிக்கிறான் என்று ஊர் சிரித்தது. அவனும் திங்கட்கிழமை காலை கடையில் உட்கார்ந்து புதிது புதிதாகத் திட்டினான். முந்தைய நாள் இருவரும் சேர்ந்து யோசித்து வைத்த வசவுகள் அவை, நல்லவை பெரும்பாலும் நோவாக்குடையவை. ராபர்ட்டா போன குளிர்காலத்தில் போய்விட்டாள். இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அந்தச் சனிக்கிழமையில் ஒன்று பாக்கி. வீட்டில் குப்பைப் பையைத் தொட்டறியாத வெர்ன், அன்று நூலகக் குப்பையை நானே கொண்டுபோகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான். சாயங்காலம் நான் போனபோது அவன் கொல்லைப்புறத்தில், இலைதழை எரிக்கிற தகர டிரம்முக்குப் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். டிரம்முக்குள் காகிதச் சாம்பல். இலை எதுவும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். "எப்படி எரிஞ்சுது?" என்று கேட்டேன்.

வெர்ன் டிரம்மைச் சுற்றி ஒரு நடை நடந்தான். குனிந்து மோந்து பார்த்தான்.

"தானா எரிஞ்சுது," என்றான்.